ஒரே அமைப்பில் வெட்டியும் ஒன்று இறுகுகிறது, ஒன்று ஆடுகிறது: ரூட்டர் பிட்டை எப்படி அமைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோத்தகிரியில் உங்கள் தோட்டத்தில் அனுமதி பெற்று வெட்டிய சில்வர் ஓக் மரத்தை அறுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் சமையலறை அலமாரிக்குக் கதவுகளும் இழுப்பறைகளும் செய்கிறீர்கள். மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்திய ரூட்டரில் (பிட் என்னும் வெட்டலகைச் சுழற்றி மரத்தை வெட்டும் இயந்திரம்) பிட்டை ஒரே உயரத்தில் வைத்து எட்டுச் சட்டங்களுக்கு நாக்கு (துளைக்குள் நுழையும் மெல்லிய முனை) வெட்டினால், சில துளையில் சரியாக நுழைகின்றன, சில சுத்தியல் கேட்கின்றன, இரண்டு ஆடுகின்றன. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு காட்டும் டிஜிட்டல் உயரமானி வாங்கினால் இது தீருமா என்பது உங்கள் கேள்வி. கருவி வாங்குவதைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும், பிட்டை அசைக்காதபோதும் பொருத்தம் ஏன் மாறுகிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது. உயரமானி அதைத் தீர்க்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி பெற்றவன். இரும்பில் தொடங்கி மரத்துக்கு வந்து, பல ஆண்டுகளாகக் குன்னூரில் கதவு, ஜன்னல், அலமாரி வேலை செய்துவருகிறேன். கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரும் மேசை ரூட்டரும் எனக்குப் பழக்கமானவை. கணினி ஓட்டும் சி.என்.சி. இயந்திரங்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை. அது வேறு தொழில்.

முதலில் உங்கள் எட்டுச் சட்டங்களுக்கு வருவோம். சட்டத்தை மேசையில் படுக்க வைத்து ஒரு பக்கம் வெட்டி, புரட்டிப்போட்டு மறுபக்கம் வெட்டுகிறீர்கள். அப்படி வெட்டும்போது பிட் தீர்மானிப்பது எவ்வளவு மரம் போகிறது என்பதை மட்டும்தான். மிச்சம் நிற்கும் நாக்கின் கனம், பலகையின் கனத்திலிருந்து பிட் உயரத்தை இரண்டு முறை கழித்தால் வருவது. பலகை 20 மி.மீ., பிட் உயரம் 6.8 மி.மீ. என்றால் நாக்கு 6.4 மி.மீ. அடுத்த பலகை 20.3 மி.மீ. இருந்தால் நாக்கு 6.7 மி.மீ. ஆகிவிடும். பிட் இம்மியும் நகரவில்லை, ஆனால் பலகையில் இருந்த வேறுபாடு முழுவதும் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. 6.35 மி.மீ. துளைக்குள் 6.4 மி.மீ. நாக்கு ஒரு தட்டலில் போகும், 6.7 மி.மீ. நாக்கு சட்டத்தைப் பிளக்கும். எழுதியதை மட்டும் வைத்துப் பார்க்கும்போது உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல, எட்டுச் சட்டங்களின் கனத்தையும் வெர்னியரில் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். ஒரே சட்டம் ஒரு முனையில் 20, மறுமுனையில் 20.4 என்று இருப்பது அறுவை ஆலையிலிருந்து நேராக வந்த மரத்தில் சாதாரணம்.

ஆகவே இணைப்பு வெட்டும் எல்லா மரத்தையும், சோதனை வெட்டுக்கான துண்டுகள் உட்பட, ஒரே நாளில் ஒரே அமைப்பில் இழைப்பு இயந்திரத்தில் விட்டு எடுங்கள். இயந்திரம் இல்லையென்றால் வாடகைக்கு இழைத்துத் தரும் பட்டறைகள் நம் ஊர்களில் உண்டு. அதுவும் முடியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது: நாக்கின் இரு பக்கங்களையும் பலகையின் ஒரே முகத்திலிருந்து அளந்து வெட்டுவது. பக்கவாட்டில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும் தட்டு வடிவ பிட்டை மேசையில் வைத்து, நல்ல முகத்தை எப்போதும் மேசைமேல் படியவிட்டு, நாக்கின் கீழ்ப்பக்கத்தை ஓர் உயரத்திலும் மேல்பக்கத்தை இன்னோர் உயரத்திலும் வெட்டினால் பலகையின் கனம் கணக்கிலேயே வராது. வேலை கொஞ்சம் கூடும், ஆனால் கனம் ஒத்துவராத மரத்துக்கு இதுவே நம்பகமான வழி. எந்த வழியில் போனாலும் நல்ல முகத்தில் பென்சிலால் அடையாளம் போடும் பழக்கம் வேண்டும்.

கனத்தைச் சரிசெய்த பிறகும் பொருத்தம் மாறினால் பிட் நிற்கும் இடத்தைச் சந்தேகியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிட்டுகளின் தண்டு 6 மி.மீ., 6.35 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ., 12.7 மி.மீ. என்று பல அளவுகளில் வருகிறது. கால் அங்குலம் என்பது 6.35, அரை அங்குலம் என்பது 12.7. பார்வைக்கு 6 மி.மீ. தண்டும் 6.35 மி.மீ. தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 6.35 காலெட்டில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) 6 மி.மீ. தண்டைப் போட்டு முறுக்கினால் பிடித்துக்கொண்டது போலத்தான் கைக்குத் தெரியும். ஓடும்போது அது மெல்ல வெளியே நகர்ந்து வெட்டின் ஆழத்தை மாற்றும். கெட்ட நேரமென்றால் முழுதாகக் கழன்று பறக்கும். இதில் சமரசமே கிடையாது: தண்டின் அளவும் காலெட்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தண்டை அடிவரை இறக்கி, அதன்பின் 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து முறுக்குங்கள். அடியில் முட்டிய நிலையில் முறுக்கினால், காலெட் இறுகும்போது தண்டைக் கீழே இழுக்க இடமில்லாமல் போய், பிடி அரைகுறையாக நிற்கும். அதேபோல் தண்டு முடிந்து வெட்டும் பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வளைவு இருக்கும். அந்த வளைவு காலெட்டின் வாய்க்குள் போகக் கூடாது. முறுக்கிய பிறகு தண்டும் காலெட் நட்டும் சேரும் இடத்தில் மெல்லிய நிரந்தர மை பேனாவால் தண்டைச் சுற்றி ஒரு கோடும், தண்டிலிருந்து நட்டின் மேல் இறங்கும் இன்னொரு கோடும் போடுங்கள். சில வெட்டுகளுக்குப் பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். வட்டக் கோடு நட்டிலிருந்து விலகியிருந்தால் பிட் மேலே வந்திருக்கிறது. நேர்க்கோடு இரண்டாக முறிந்திருந்தால் பிட் காலெட்டுக்குள் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. இரண்டுக்குமே காரணம் பெரும்பாலும் அழுக்கு. மரப்பிசின் காலெட்டின் பிளவுகளில் இறங்கிக் கெட்டியாகிவிடும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் இரண்டு வாரம் பெட்டிக்கு வெளியே கிடந்தாலே தண்டில் துரு பூக்கும். பித்தளைத் தூரிகையால் காலெட்டின் உள்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், தண்டை உலர்ந்த துணியால் துடையுங்கள். துருவுக்குப் பயந்து எண்ணெய் பூசி வைத்தால், பொருத்துமுன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தாக வேண்டும்.

அடுத்தது உயரத்தை மாற்றும் திருகில் இருக்கும் தளர்ச்சி. எந்தத் திருகிலும் திசை மாறும்போது சிறிது வெற்றுச் சுற்று உண்டு. மேசை ரூட்டரில் இயந்திரத்தின் எடையும் சேர்ந்து கீழே இழுக்கும். அதனால் எப்போதும் தேவையான உயரத்துக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் திரும்ப நன்றாகக் கீழே போய் மறுபடி ஏறி வாருங்கள். பூட்டுத் திருகை முறுக்கும்போதும் சில இயந்திரங்களில் உயரம் ஒரு தாள் கனம் மாறும். அளவு பார்ப்பது பூட்டிய பிறகுதான். மேசைப் பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் அதன்மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் விளிம்பு ஊதுவதும், ரூட்டரின் எடையால் நடுப்பகுதி தாழ்வதும் உண்டு. தாழ்ந்த மேசையில் குட்டைச் சட்டம் ஓர் ஆழமும் நீளச் சட்டம் இன்னோர் ஆழமும் வெட்டும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் பிட்டை அமைப்பது என்ற பேச்சே தொடங்குகிறது. இங்கே நான் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன்: பிட்டை அளந்து அமைப்பதைவிட, வெட்டை அளந்து அமைப்பது மேல். பெட்டியில் எழுதியிருக்கும் அளவும் மரத்தில் விழும் காடியின் அகலமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சாணை பிடித்த பிட் கொஞ்சம் மெலிந்திருக்கும். காலெட்டோ பேரிங்கோ தேய்ந்து பிட் சற்றுத் தள்ளாடினால் காடி பிட்டைவிட அகலமாக விழும். பிட்டை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்தத் தள்ளாட்டம் அளவில் தெரியாது. வெட்டிய மரத்தில்தான் தெரியும். எனவே இணைப்பின் இரண்டு பாதிகளில், பிட்டின் அகலமே அளவைத் தீர்மானிக்கும் பாதியை, அதாவது துளையை அல்லது காடியை, முதலில் வெட்டி முடித்துவிடுங்கள். நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய நாக்கை அதற்கு ஏற்ப வெட்டுங்கள். வரிசையை மாற்றினால், நாக்குக்கு ஏற்ற பிட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நாக்கை அமைக்கும்போது வேண்டுமென்றே தடிப்பாகத் தொடங்குங்கள். சோதனைத் துண்டில் இரு பக்கமும் வெட்டி, துளைக்கு நாக்கு எவ்வளவு மிகுதி என்று அளந்து, அதில் பாதி அளவுக்கு மட்டும் பிட்டை ஏற்றுங்கள். மிகுதி 0.4 மி.மீ. என்றால் ஏற்ற வேண்டியது 0.2 மி.மீ. இரு பக்கமும் வெட்டுவதால் எந்தத் திருத்தமும் இரட்டிப்பாகிறது. பிட்டை முழு 0.4 ஏற்றிவிட்டு, நாக்கு ஆடுகிறதே என்று திகைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறிய அளவை ஏற்றுவதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். வழக்கமான 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம் கொண்டது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இப்போது வெட்டிய சோதனைத் துண்டை அதன் நாக்கு பிட்டுக்கு மேலே வரும்படி மேசையில் வைத்து, துண்டின் அடியில் இரண்டு தாள்களைச் சமமாக நுழைத்து, பிட்டின் உச்சி நாக்கை அப்போதுதான் தொடும்படி ஏற்றி நிறுத்துங்கள். பிட் பழைய உயரத்தைவிட 0.2 மி.மீ. ஏறியிருக்கும். ஃபீலர் கேஜ் (கனம் பொறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) வைத்திருப்பவர்கள் தாளுக்குப் பதில் அதன் தகடுகளைப் பயன்படுத்தலாம், இன்னும் நம்பகமானது.

சட்டங்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் போடும் பாதிக்குப் பாதி இணைப்பில் இந்த இரட்டிப்பு நமக்கு அளவுகோலாகவே வேலை செய்கிறது. பலகையின் கனத்தை அளக்கவே வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிட்டை வைத்து, சோதனைத் துண்டின் முனையை ஒரு பக்கம் வெட்டிப் புரட்டி மறுபக்கமும் வெட்டுங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு மிஞ்சும். அதன் கனத்தை அளந்து, பாதியளவு பிட்டை ஏற்றுங்கள். பலகை 20.4 மி.மீ. இருந்து, பிட் 9.9 மி.மீ. இருந்தால் சவ்வு 0.6 மி.மீ. இருக்கும். 0.3 ஏற்றினால் பிட் 10.2-இல், சரியாகப் பாதியில் நிற்கும். அடுத்த சோதனையில் சவ்வு இல்லாமல், வெளிச்சம் ஊடுருவும் ஒரு நூல் மட்டும் கிழிந்து தொங்கினால் அமைப்பு முடிந்தது. பிட்டைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டால் அளப்பதற்குச் சவ்வே இருக்காது. அதனால்தான் எப்போதும் கீழிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

காடி பலகையின் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதே தந்திரம் உதவும். ஒரு முகத்தை ஃபென்ஸில் (மேசைமேல் மரத்தை வழிநடத்தும் நேரான தடுப்பு) உரசவிட்டு வெட்டி, பலகையைத் திருப்பி மறுமுகத்தை உரசவிட்டு அதே காடியில் மறுபடி ஓட்டுங்கள். நடுவிலிருந்து காடி எவ்வளவு விலகியிருந்ததோ அதன் இருமடங்கு காடி அகலப்படும். ஃபென்ஸை அந்த அகலத்தில் பாதியளவு நகர்த்துங்கள். ஃபென்ஸை நகர்த்துவதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: பிட் வட்டமாகச் சுற்றுவதால் ஃபென்ஸ் மேசை விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிட்டிலிருந்து அதன் தூரம் மட்டுமே கணக்கு. அதனால் ஒரு முனையை இறுக்கிப் பூட்டிவிட்டு மறுமுனையை மட்டும் நகர்த்தலாம். பிட் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்தால், முனையில் 0.4 மி.மீ. நகர்த்தியது பிட் அருகே 0.2 மி.மீ. ஆகிவிடும். கைக்குக் கிடைக்காத நுணுக்கம் இப்படிக் கிடைத்துவிடும். மேசையின் பள்ளத்தில் ஓடும் கோணமானியை ஃபென்ஸோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது மட்டும் இந்த விதி பொருந்தாது. அப்போது இரண்டும் இணையாகவே இருக்க வேண்டும்.

கதவுச் சட்டத்துக்கு நீங்கள் வாங்கியிருப்பதாகச் சொன்ன இரட்டை பிட் தொகுப்பில் குறுக்குச்சட்டங்களின் முனைகளை முதலில் வெட்டுங்கள், விளிம்புக் காடியைப் பிறகு. முனையில் நார் பிய்ந்திருந்தால் அடுத்த வெட்டு அதைத் துடைத்துவிடும். இரண்டு வெட்டுக்கும் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். இரண்டாவது பிட்டின் உயரத்தை முதல் பிட் வெட்டிய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அமையுங்கள், அளவுகோலே தேவைப்படாது.

இழுப்பறைக்குப் புறாவால் இணைப்பு (புறாவின் வால்போல் விரிந்த நாக்குகள் கோக்கும் இணைப்பு) வெட்டுவதென்றால் விதிகள் கொஞ்சம் மாறும். நேர்ப் பிட்டை அடுக்கடுக்காக இறக்கி வெட்டலாம். புறாவால் பிட் அடியில் அகலமும் மேலே குறுகலுமாக இருப்பதால் ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வெட்டியாக வேண்டும். ஆகவே ஆழத்தை முதலிலேயே சரியாக அமைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரை வெட்டின் நடுவில் மேலே தூக்கினால் மரமும் கெடும், டெம்ப்ளேட்டும் (ரூட்டருக்கு வழிகாட்டும் அச்சுப் பலகை) கெடும். நீளமான காடியென்றால் நேர்ப் பிட்டால் நடு மரத்தைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் பிறகு இதை ஓட்டுங்கள், பிட் நீண்ட நாள் உழைக்கும். முன்பலகையில் வால் மறையும் இணைப்பை இரு பலகைகளையும் ஒன்றாகப் பூட்டி ஒரே பிட்டால் வெட்டும் ஜிக்கில் (பலகைகளைப் பிடித்து வைக்கும் சட்டகம்), பொருத்தம் இறுகுவதும் தளர்வதும் பிட்டின் ஆழத்தால் மட்டுமே. தளர்ந்தால் பிட்டை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள், இறுகினால் உள்ளே இழுங்கள். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரிதான். இரண்டு பலகைகளின் விளிம்பும் ஒரே மட்டத்தில் சேராவிட்டால் ஆழத்தைத் தொடாதீர்கள். அது டெம்ப்ளேட் முன்பின் நகர்வதோடு தொடர்புடையது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கைடு புஷ் (பிட்டைச் சுற்றி ரூட்டரின் அடியில் பொருத்தும் வளையம்) வைத்து டெம்ப்ளேட்டில் ஓட்டுபவர்களுக்கு: புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் வெட்டு டெம்ப்ளேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழும் என்று வரும். 17 மி.மீ. புஷ்ஷும் 10 மி.மீ. பிட்டும் என்றால் 3.5 மி.மீ. ஆனால் அந்தக் கணக்கு புஷ் பிட்டுக்கு நேர் நடுவில் இருந்தால்தான் சரி. நடுவில் இருக்கிறதா என்று தெரியாதபோது, ரூட்டரின் ஒரு கைப்பிடி எப்போதும் உங்களை நோக்கியே இருக்கும்படி ஓட்டுங்கள். கோணல் இருந்தாலும் எல்லா வெட்டிலும் ஒரே பக்கம் விழும்.

ஓட்டும் திசையும் அளவைப் பாதிக்கும். மேசையில் பிட்டுக்குப் பின்னால் ஃபென்ஸ் இருக்கும்போது மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். கையில் பிடித்து ஓட்டும்போது பக்க வழிகாட்டி உங்கள் வலப்புறத்தில், மரத்தின் விளிம்பைத் தொட்டபடி இருக்க, ரூட்டரை உங்களிடமிருந்து விலகும் திசையில் தள்ளுங்கள். பிட்டின் சுழற்சியே வழிகாட்டியை மரத்தோடு சேர்த்து அணைக்கும். திசை தவறினால் பிட் மரத்தை விட்டு விலகப் பார்க்கும், காடி அலை அலையாக விழும், சில நேரம் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டும் போகும். ஆழமான துளையை ஒரே மூச்சில் வெட்டாமல், ஒவ்வோர் ஓட்டத்திலும் பிட் விட்டத்தில் பாதிக்கு மேல் இறங்காமல் வெட்டுங்கள். கடைசி ஓட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வையுங்கள். மெல்லிய பிட் பெரிய சுமையில் வளையும். அந்த வளைவுதான் மேலே அகலமாகவும் அடியில் வேறாகவும் நிற்கும் துளைக்குக் காரணம். வேகத்தைப் பொறுத்தவரை, பிட் பெரிதாக ஆக சுற்றைக் குறைக்க வேண்டும். 24,000 சுற்றில் 10 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்குச் சுமார் 12.6 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்கு 226 கிலோமீட்டர். பெரிய பிட்டை 12,000 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தண்டில் உச்ச வேகம் பொறித்திருந்தால் அதை மீறாதீர்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத சிறிய டிரிம்மரில் (ஒற்றைக் கையால் பிடிக்கும் சிறு ரூட்டர்) கதவுச் சட்டப் பிட்டை மாட்டவே கூடாது.

இனி மரத்தின் ஈரம். உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எல்லாம் மழைக்காலத்தின் வேலை என்று எழுதியிருக்கிறார். இதில் பாதி உண்மை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் சுமார் 12 சதவீத ஈரத்தில் நிலைக்கும். 80 சதவீதம் இருந்தால் சுமார் 16-க்கு ஏறும். தேக்குக்கு அளவுகள் நன்றாகத் தெரியும்: பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை வருட வளையத்தின் போக்கில் 5.8 சதவீதமும், வளையத்துக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்கும். இதை வைத்துக் கணக்கிட்டால், 4 சதவீத ஈர மாற்றத்தில் 100 மி.மீ. அகலமான தேக்குப் பலகை அகலத்தில் முக்கால் மில்லிமீட்டர் வரை மாறலாம். 20 மி.மீ. கனமோ 0.07 முதல் 0.15 மி.மீ. வரைதான் மாறும். நாக்கின் கனம் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒரே மரத்தில், ஒரே நாளில் வெட்டிய எட்டு நாக்குகளில் 0.3 மி.மீ. வேறுபாடு வருவதற்கு ஈரம் காரணமாக இருக்க வழியில்லை. அகலமான பலகைக்கும் கதவின் நடுப்பலகைக்கும்தான் ஈரம் பெரிய விஷயம். அந்த நடுப்பலகையைக் காடியில் பசை போடாமல் மிதக்க விடுங்கள், இரு பக்கமும் ஊத இடம் கொடுங்கள். எவ்வளவு இடம் என்பது நீங்கள் எந்த மாதத்தில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும் மரம் உச்சமாக ஊதியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை உலர்ந்திருக்கும். உலர்ந்த மாதத்தில் செய்தால் அதிக இடம், மழையில் செய்தால் குறைந்த இடம்.

சில்வர் ஓக்கைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் தெரிந்தது, ஆய்வுக்கூட எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் அழகே ஆரமாக (மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி) அறுத்த முகத்தில் மின்னும் செதில் கோலம். அந்தச் செதில்களே பிட் வெளியேறும் இடத்தில் பெயர்ந்து வரும். பின்னால் ஒரு கழிவுத் துண்டை ஒட்டி வைத்து வெட்டினால் பெயராது. அங்குலத்துக்கு ஓர் ஆண்டு உலர்த்த வேண்டும் என்று சொல்வார்கள். சமவெளிக்கே அது தோராயக் கணக்குதான், நம் மூடுபனியில் அதை நம்பி இருக்க முடியாது. ஈரமானி கடன் கிடைத்தால் ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, புதிய வெட்டுமுகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். இந்த மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) இழுப்பறை செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் நார் பின்னிக்கிடக்கும், அறுத்தவுடன் பலகை வளையவும் செய்யும். துல்லியமான இணைப்புக்கு நான் அதை எடுப்பதில்லை.

பொருத்தம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில் தேர்ந்த ஆசாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. என் பழக்கம், பசை இல்லாமல் கையால் தள்ளினால் நாக்கு நிற்காமல் போக வேண்டும், சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் தடவியவுடன் மரம் சற்று ஊதும். உலர்ந்த நிலையிலேயே சுத்தியல் தேவைப்படும் நாக்கு, பசை பட்டதும் பாதியில் நின்றுவிடும். குளிரையும் கவனியுங்கள். இந்த வகைப் பசைகள் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை, காய்ந்ததும் சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலையில் ஒட்டி, மாலையில் கழன்று வந்த இணைப்புக்குப் பிட்டைக் குறை சொல்லக் கூடாது. மரம், பசை இரண்டையும் முந்தைய இரவே அடுப்பு எரியும் அறையில் வைத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஒட்டுங்கள்.

உயரமானிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல கார்பைடு நேர்ப் பிட்டும், உங்கள் இயந்திரத்துக்குரிய புதிய காலெட்டும் வாங்குங்கள். இணைப்பு சரியாக அமைந்த நாளில் ஒரு சோதனைத் துண்டைத் தூக்கிப் போடாமல், எந்தப் பிட், எந்த மரம், பலகை என்ன கனம் என்று அதன்மேல் எழுதி ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த முறை அந்தத் துண்டைப் பிட்டுக்கு நேரே வைத்து உயரத்தைத் தொட்டு நிறுத்தினால், முதல் சோதனை வெட்டிலேயே 0.1 மி.மீ.க்குள் வந்துவிடலாம். இப்போதைக்கு அந்த எட்டுச் சட்டங்களின் கனத்தை இரு முனையிலும் அளந்து, எது இறுகியது, எது ஆடியது என்ற குறிப்போடு இங்கேயே எழுதுங்கள். தடித்த சட்டங்கள்தான் இறுகியவை என்றால் இழைப்பு வேலையோடு தீர்ந்துவிடும். கனம் எல்லாம் ஒன்றாக இருந்தும் பொருத்தம் மாறியிருந்தால், பேனாக் கோடு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.